ஆம்ஸ்டர்டாம் எங்கட காரைநகர்: ஒல்லாந்துத் துறைமுகங்கள் ஊடாக ஒரு படகு வழி

ஒல்லாந்தர் கீறின யாழ்ப்பாணத்துப் பழைய வரைபடங்களைப் பார்த்தால் முதலில் சிரிப்புத்தான் வரும். காரைதீவு இருக்கவேண்டிய இடத்தில் 'ஆம்ஸ்டர்டாம்' எண்டு இருக்கும். வேலணை 'லெய்டன்'. புங்குடுதீவு 'மிடில்பேர்க்'. நயினாதீவு 'ஹார்லெம்'. அனலைதீவு 'ரொட்டர்டாம்'. நெடுந்தீவு 'டெல்ஃப்ட்'. வந்த இடத்தில் இருந்த பெயர்களை வாயில் நுழையவில்லை என்று ஒதுக்கிவிட்டு, தங்கட ஊர்ப் பெயர்களைக் கொண்டுவந்து எங்கட தீவுகளில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் நெடுந்தீவின் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் இன்றைக்கும் கழராமல் நிற்கிறது. குறிகட்டுவானில் படகு ஏறுகிற சனத்துக்கு அது நெடுந்தீவு. அரசாங்கக் கடிதத்துக்கு அது டெல்ஃப்ட்.

அப்படியெண்டால் உண்மையான டெல்ஃப்ட் எது? உண்மையான மிடில்பேர்க்கில் என்ன இருக்கிறது? ஒவ்வொரு வருடமும் இளவேனிலில், டியூலிப் பூக்கும் நாட்களில், நெதர்லாந்திலும் பெல்ஜியத்தின் பிளெமிஷ் பகுதியிலும் ஆற்றுப் படகுச் சுற்றுலாக்கள் களைகட்டும். நூறு மீற்றருக்கு மேல் நீளமான, உயரம் குறைந்த, தட்டையான கப்பல்கள். பாலங்களுக்குக் கீழே குனிந்து போகிற மாதிரித்தான் அவற்றைக் கட்டியிருப்பார்கள். ஒரு வாரத்தில் ஆம்ஸ்டர்டாம், ஹோர்ன், ரொட்டர்டாம், மிடில்பேர்க், கெண்ட், அன்ட்வெர்ப் என்று ஒவ்வொரு பழைய துறைமுகமாக நிறுத்தி நிறுத்திக் காட்டுவார்கள். அந்தச் சுற்றுலாவுக்கான வீசாவும் காசும் எங்களில் கனபேருக்கு எட்டாது. ஆனால் பாதை வரைபடத்தில் எல்லாருக்கும் பொதுவாகத்தான் இருக்கிறது. அந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு துறையிலும் இறங்கி, 'இந்த ஊருக்கும் எங்களுக்கும் என்ன கணக்கு?' என்று கேட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு சின்ன மாற்றம் மட்டும் செய்கிறோம். சுற்றுலாக் கப்பல்கள் பெரும்பாலும் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கித் தெற்கே போகும். நாங்கள் தெற்கிலிருந்து வடக்கே வரப்போகிறோம். ஏனெண்டால் வரலாறு அந்தத் திசையில்தான் வந்தது.

மண் மூடின புரூஜ், கயிறு போட்ட கெண்ட்

புரூஜ் நகரத்துக்குக் கடலைக் கொடுத்தது ஒரு புயல். 1134இல் அடித்த பெருங்கடல் கரையை அறுத்து ஸ்வின் என்ற கழிமுகத்தைத் திறந்துவிட்டது. அதன் வழியாக இங்கிலாந்தின் ஆட்டுமயிர் வந்தது, பிளெமிஷ் நெசவாளர்களின் துணி போனது. வடஜெர்மன் வணிகர்களின் ஹன்சா கூட்டமைப்பு இங்கே தன் வணிக நிலையத்தை வைத்திருந்தது. அதற்குப் பெயர் 'கொன்டோர்'. இந்தச் சொல்லை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? அதே சொல் ஒல்லாந்து மொழியில் 'கன்தோர்' ஆகி, எங்கட அம்மம்மாமார் அலுவலகத்தைச் சொல்லுகிற 'கந்தோர்' ஆக வந்து நிற்கிறது. மேசை லாச்சி, கக்கூசு, துட்டு எல்லாம் அந்தக் கப்பலில் வந்து இறங்கின சொற்கள்தான்.

இன்னொரு சொல்லும் புரூஜில்தான் பிறந்தது. ஃபன் டெர் பேர்சே என்ற குடும்பத்தின் விடுதிக்கு முன்னால் இருந்த முற்றத்தில் வெளிநாட்டு வணிகர்கள் கூடிப் பேரம் பேசுவார்கள். அந்தக் குடும்பப் பெயரில் இருந்துதான் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பங்குச் சந்தைக்கு 'பேர்ஸ்', 'பூர்ஸ்' என்ற பெயர்கள் வந்தன. ஆனால் கடல் தந்ததை மண் திருப்பி எடுத்தது. ஸ்வின் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்தது. 1500 அளவில் பெரிய கப்பல்கள் புரூஜை நெருங்க முடியாமல் போயிற்று. இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகள் 'எவ்வளவு அழகா அப்படியே இருக்கு' என்று சொல்லுகிற ஊர், உண்மையில் காசு வெளியேறினதால் அப்படியே நின்றுபோன ஊர்.

பக்கத்தில் கெண்ட். லெய், ஸ்கெல்ட் என்ற இரண்டு ஆறுகள் சந்திக்கிற இடம். ஆற்றில் போகிற தானியத்தின் ஒரு பங்கை இங்கே இறக்கி வைத்தே ஆகவேண்டும் என்ற உரிமையால் கொழுத்த நகரம். கிராஸ்லெய் கரையில் வரிசையாக நிற்கிற வீடுகளுக்குப் பின்னால் அந்தத் தானியக் காசு இருக்கிறது. பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸ் 1500இல் பிறந்ததும் இந்த ஊரில்தான். அவருடைய போருக்கு வரி கட்ட மாட்டோம் என்று 1539இல் கெண்ட் மக்கள் எழும்பினார்கள். அடுத்த வருடம் பேரரசர் படையோடு வந்து, ஊர்ப் பெரியவர்களைக் கழுத்தில் தூக்குக் கயிறோடு வெறுங்காலில் நடக்க வைத்து மன்னிப்புக் கேட்க வைத்தார். அவமானப்படுத்தத்தான் செய்தார். ஆனால் கெண்ட் சனம் அந்த அவமானத்தையே பட்டமாக எடுத்துக்கொண்டது. தங்களை இன்றைக்கும் 'கயிறு சுமந்தவர்கள்' என்று சொல்லி, விழாவில் கயிறு போட்டு ஊர்வலமும் போகிறார்கள்.

அன்ட்வெர்ப்: ஆற்றைப் பூட்டின கதை

புரூஜ் இழந்ததை அன்ட்வெர்ப் எடுத்துக்கொண்டது. ஸ்கெல்ட் ஆறு இங்கே ஆழமாகவும் அகலமாகவும் இருந்தது. 1501இல் போர்த்துக்கேயரின் மிளகு முதன்முதலாக இங்கே வந்து இறங்கியது. 1508இல் போர்த்துக்கல் அரசு தன் வணிக நிலையத்தையே இங்கே அமைத்தது. கேரளத்து மிளகும் இலங்கைக் கறுவாவும் லிஸ்பன் வந்து, அங்கிருந்து அன்ட்வெர்ப் வந்து, தென்ஜெர்மனியின் செம்புக்கும் வெள்ளிக்கும் கைமாறின. அந்தச் செம்பு திரும்பவும் கப்பலேறி இந்துசமுத்திரத்துக்கு வந்தது. ஆக, ஒல்லாந்தர் இங்கே வருவதற்கு நூறு வருடத்துக்கு முன்னமே எங்கட கறுவாவின் விலை ஸ்கெல்ட் கரையில் பேசப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. 1560களில் அந்த நகரத்தில் ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர் இருந்தார்கள்.

பிறகு சமயமும் வரியும் சேர்ந்து தீ மூட்டின. ஸ்பானிய அரசருக்கு எதிராகத் தாழ்நிலங்கள் கிளர்ந்தன. அல்பா பிரபு நகரத்தை அடக்குவதற்காக ஐந்து முனைக் கோட்டை ஒன்றைக் கட்டினார். அதன் பீரங்கிகள் ஆற்றைப் போலவே ஊரையும் பார்த்தன. யாழ்ப்பாணக் கோட்டையை மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஐந்து முனை வடிவம் புதிதாக இருக்காது. பீரங்கிக் காலத்துக்காக இத்தாலியப் பொறியியலாளர்கள் உருவாக்கின முறை அது. எந்தப் பக்கத்தால் ஏறினாலும் இன்னொரு முனையில் இருந்து சுடலாம். ஸ்பானியர் அதை ஒல்லாந்தருக்கு எதிராகக் கட்டினார்கள். நூறு வருடம் கழித்து ஒல்லாந்தர் அதை எங்கட கரையில் கட்டினார்கள்.

1576இல் சம்பளம் கிடைக்காத ஸ்பானியச் சிப்பாய்கள் அன்ட்வெர்ப்பைச் சூறையாடினார்கள். 1585 ஓகஸ்ட் மாதம், ஆற்றுக்குக் குறுக்கே கப்பல்களைச் சங்கிலியால் கோர்த்துப் பாலமாக்கி நகரத்தைப் பட்டினி போட்ட பார்மா பிரபுவிடம் அன்ட்வெர்ப் விழுந்தது. புரொட்டஸ்தாந்துகளுக்கு ஒரு தவணை கொடுக்கப்பட்டது: நாலு வருடத்துக்குள் மதம் மாறுங்கள், அல்லது வித்துக்கட்டிக்கொண்டு போங்கள். 1589 ஆகும்போது நகரத்தில் மிஞ்சினது 42,000 பேர் அளவில்தான்.

வடக்கே இருந்த ஒல்லாந்தர் இன்னொரு வேலை செய்தார்கள். ஸ்கெல்டின் வாய் அவர்களுடைய கையில் இருந்தது. அதைக் கடல் வணிகத்துக்கு மூடினார்கள். 1648 உடன்படிக்கை அந்தப் பூட்டை உறுதிப்படுத்தியது. 1795இல் பிரெஞ்சுப் படைகள் வந்துதான் ஆறு திரும்பத் திறந்தது. இருநூறு வருடம் ஒரு நகரம் ஆற்றங்கரையில் குந்தியிருந்து கடலைப் பார்க்காமல் இருந்தது என்று யோசித்துப் பாருங்கோ.

அன்ட்வெர்ப்பை விட முன் அதன் பிந்தின காலத்தையும் சொல்ல வேண்டும். சந்தைச் சதுக்கத்தில் பிராபோ என்ற வீரன் ஒரு வெட்டின கையை ஆற்றில் எறிகிற சிலை இருக்கிறது. ஆற்றுச் சுங்கம் கட்டாதவர்களின் கையை வெட்டின அரக்கனை அவன் வென்றானாம். கை வடிவப் பிஸ்கட் விற்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதே துறைமுகத்தில், கொங்கோவிலிருந்து கப்பல்கள் இறப்பரும் தந்தமும் நிரப்பி வந்தன. அந்தக் கப்பல் கம்பனியின் எழுதுவினைஞராக இருந்த எட்மண்ட் மொரெல் கணக்குகளைப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தார்: திரும்பிப் போகிற கப்பல்களில் வியாபாரச் சாமான் இல்லை. துவக்கும் தோட்டாவும்தான் போகின்றன. அப்படியெண்டால் இது வியாபாரமே இல்லை, கட்டாய உழைப்பு என்று அவருக்கு விளங்கியது. இறப்பர் போதாதென்று கொங்கோவில் உண்மையான கைகள் வெட்டப்பட்ட செய்தியை உலகத்துக்குச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். 2020இல் அன்ட்வெர்ப்பின் எக்கரன் பகுதியில் நின்ற இரண்டாம் லியோபோல்ட் மன்னரின் சிலை அகற்றப்பட்டது.

சீலாந்து: செம்மறி, கடா, குட்டி

அன்ட்வெர்ப்பை விட்டு வெளியேறின சனம் எங்கே போனது? வடக்கே. தங்கள் மூலதனத்தையும் கணக்குப் புத்தகங்களையும் லிஸ்பன் தொடர்புகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். முதல் தரிப்பு சீலாந்து மாகாணம்: மிடில்பேர்க், ஃபேரெ, ஃப்லிசிங்கன். சுற்றுலாக் கப்பல் இங்கே வரும்போது நீர்ப்பூட்டுகள் வழியாகப் போகும். கப்பல் ஒரு பெரிய தொட்டிக்குள் நுழையும், பின்கதவு மூடும், தண்ணீர் ஏறும் அல்லது இறங்கும், முன்கதவு திறக்கும். கடலும் ஆறும் நிலமும் வேறு வேறு மட்டத்தில் இருக்கிற நாட்டில் வேறு வழியில்லை. 1953 பெப்ரவரி முதலாம் திகதி அதிகாலை கடல் அணைகளை உடைத்து நெதர்லாந்தில் 1,836 பேரைக் கொன்றது. மற்ற மாகாணங்களைவிட அதிகம் பேர் இறந்தது இந்தச் சீலாந்தில்தான். அதற்குப் பிறகு கட்டின அணைத் தொடரில் மிகப் பெரியது கிழக்கு ஸ்கெல்ட் தடுப்பு, 1986இல் திறக்கப்பட்டது. 62 கதவுகள். சாதாரண நாட்களில் கடல்நீர் உள்ளே வந்துபோகத் திறந்திருக்கும், புயலுக்கு மட்டும் மூடும். முழுதாக மூடினால் சிப்பியும் மீனும் செத்துப்போகும், தொழில் படுத்துவிடும் என்று மீனவர்களும் சூழலியலாளர்களும் போராடினதால்தான் அப்படிக் கட்டினார்கள்.

அன்ட்வெர்ப்பை விட்டுச் சீலாந்துக்கு வந்த வணிகர்களில் ஒருவர் பல்தசார் டி மூஷெரொன். அவர் 1601 மே மாதம் ஃபேரெ துறையிலிருந்து மூன்று கப்பல்களை அனுப்பினார். பெயர்கள்: செம்மறி, கடா, குட்டி. தலைவர் யோரிஸ் ஃபன் ஸ்பில்பேர்கன், அவரும் அன்ட்வெர்ப்பில் பிறந்தவர். அடுத்த வருடம் அவர்கள் வந்து இறங்கின இடம் மட்டக்களப்பு. அங்கிருந்து ஸ்பில்பேர்கன் கண்டிக்குப் போய் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். போர்த்துக்கேயரைத் துரத்த ஒரு துணை தேவைப்பட்ட மன்னனும், கறுவா தேவைப்பட்ட வணிகனும். அவருக்குப் பின்னால் வந்த செபால்ட் டி வேர்ட்டும் அன்ட்வெர்ப்காரர்தான். 1603இல் மட்டக்களப்பில் கண்டி மன்னனோடு மூண்ட தகராறில் அவரும் அவருடைய ஆட்கள் பலரும் கொல்லப்பட்டார்கள். ஆக, ஒல்லாந்தரின் இலங்கைக் கதையைத் தொடங்கி வைத்தவர்கள் ஒருவகையில் இடம்பெயர்ந்த ஆட்கள். ஊர் இழந்தவன் இன்னொரு ஊரை எடுக்கமாட்டான் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இதை நாங்கள் ஒருக்கா நிதானமாக யோசிக்கலாம்.

மிடில்பேர்க்கின் இன்னொரு கணக்கும் உண்டு. 1720இல் தொடங்கின மிடில்பேர்க் வணிகக் கம்பனி நூற்றுக்கும் மேற்பட்ட அடிமை வியாபாரப் பயணங்களை நடத்தியது. மேற்கு ஆபிரிக்காவில் மனிதரை வாங்கி அமெரிக்கக் கரைகளில் விற்றது. எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் வழியில் இறந்தார்கள் என்று ஒவ்வொரு நாளும் எழுதி வைத்தார்கள். அந்தக் காகிதங்கள் அத்தனையும் கெடாமல் இருக்கின்றன. 2011இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

புத்தகப் பெட்டிக்குள் ஒளித்த சட்டத்தரணி

சீலாந்திலிருந்து வடகிழக்கே திரும்பினால் கின்டர்டைக். 1740 அளவில் கட்டின 19 காற்றாலைகள் வரிசையாக நின்று, தாழ்ந்த வயல்களின் தண்ணீரை மேலே ஏற்றி ஆற்றில் தள்ளின இடம். பக்கத்தில் ரொட்டர்டாம். 1940 மே 14ஆம் திகதி ஜெர்மன் விமானங்கள் கால் மணித்தியாலத்துக்குள் அதன் நடுவூரைத் தரைமட்டமாக்கின. அவர்கள் பழைய தெருக்களைத் திரும்பக் கட்டாமல் புதிய நகரம் ஒன்றைக் கட்டினார்கள். நெஞ்சுக்கு நடுவில் ஓட்டையோடு வானத்தைப் பார்த்துக் கையுயர்த்தி நிற்கிற சட்கினின் சிலை மட்டும் என்ன போனது என்று சொல்லுகிறது.

ஆனால் நாங்கள் கொஞ்ச நேரம் கூட நிற்கப் போவது இன்னும் கிழக்கே, மாஸ், வால் ஆறுகள் சந்திக்கிற முனையில் இருக்கிற லூவஸ்டைன் கோட்டையில். சுற்றுலாக் கப்பல்கள் இதைத் தூரத்தில் காட்டிவிட்டுப் போய்விடும். ஆனால் எங்கட காணி உறுதிகளோடும் வழக்குகளோடும் மிக நெருங்கின இடம் இதுதான்.

1619இல் ஹியூகோ குரோஷியஸ் என்ற சட்டத்தரணி இங்கே ஆயுட்சிறையில் அடைக்கப்பட்டார். 1583இல் டெல்ஃப்ட்டில் பிறந்தவர். சமய அரசியல் சண்டையில் தோற்ற பக்கம் நின்றதுதான் குற்றம். மனைவி மரியாவும் கூடவே இருந்தார். படிக்கப் புத்தகங்கள் பெட்டியில் வந்துபோக அனுமதி இருந்தது. முதலில் காவலர்கள் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள், பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். அதைக் கவனித்தவர் மரியா. 1621 மார்ச் 22ஆம் திகதி கணவனைப் பெட்டிக்குள் சுருட்டி வைத்து மூடி, பணிப்பெண் எல்ஸ்யெவைத் துணைக்கு அனுப்பினார். படகு ஆற்றைக் கடந்து கோரிங்கம் போனது. அங்கிருந்து மேசன்காரன் வேடத்தில் அன்ட்வெர்ப்புக்குத் தப்பி ஓடினார். எந்தப் பெட்டி என்பதில் இன்றைக்கும் சண்டை. ஆம்ஸ்டர்டாமின் தேசிய அருங்காட்சியகமும் லூவஸ்டைனும் 'எங்களிட்ட இருக்கிறதுதான் அசல்' என்று ஆளுக்கொரு பெட்டியை வைத்திருக்கின்றன.

அந்தச் சிறையில் இருந்து அவர் எழுதின புத்தகம் ஒல்லாந்துச் சட்டத்துக்கு ஒரு அறிமுகம். 1631இல் அச்சானது. உரோமச் சட்டமும் ஒல்லாந்து வழக்காறும் சேர்ந்த அந்த முறையைத்தான் கம்பனி தன் கப்பல்களில் ஏற்றிக்கொண்டு வந்தது. இலங்கையின் பொதுச் சட்டம் இன்றைக்கும் உரோம-டச்சுச் சட்டம். எங்கட நீதிமன்றத் தீர்ப்புகளில் குரோஷியஸின் பெயர் வரும்.

அதே ஆட்கள் இன்னொன்றும் செய்தார்கள். 1658 யூன் மாதம் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட முற்றுகைக்குப் பிறகு யாழ்ப்பாணம் அவர்கள் கையில் விழுந்தது. உரோம-டச்சுச் சட்டம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்று கண்டதால், ஊர் வழமையை எழுதச் சொல்லி ஆளுநர் உத்தரவிட்டார். நீண்டகாலம் யாழ்ப்பாணத்தில் இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் அதை எழுதி 1707இல் கொடுத்தார். தமிழில் பெயர்த்துப் பன்னிரண்டு முதலிமாரிடம் காட்டிச் சரிபார்த்தார்கள். அதுதான் தேசவழமை. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற பிரிப்பும், கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் மணமான பெண் தன் காணியை விற்க முடியாது என்ற விதியும் பிற்காலத் திருத்தங்களோடு இன்றைக்கும் உயிரோடு இருக்கின்றன.

இங்கே ஒரு கேள்வி இருக்கிறது. பன்னிரண்டு முதலிமாரில் பெண் யாரும் இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிகளில் இருந்து யாரும் இல்லை. ஆனால் அந்த ஆவணத்தில் சாதியைக் கொண்டு அடிமைகளை வகுக்கிற பகுதி இருந்தது. மாறிக்கொண்டும் ஊருக்கு ஊர் வேறுபட்டும் இருந்திருக்கக்கூடிய ஒரு வழமை, எழுத்தில் ஏறின அன்றைக்கு இறுகிப்போனது. எழுதினவன் ஒல்லாந்தன், ஆமாம் போட்டவர்கள் எங்கட பெரியாட்கள். 'வெள்ளைக்காரன் செய்தான்' என்று மட்டும் சொல்லி இதை முடிக்க முடியாது.

ஆம்ஸ்டர்டாம்: பணிப்பெண்ணின் நூறு கில்டர்

இனி ஆம்ஸ்டர்டாம். சேற்றில் ஆயிரக்கணக்கான மரக்கம்பங்களை இறக்கி அதன்மேல் கட்டின நகரம். நடுச்சதுக்க அரண்மனைக்கு மட்டும் 13,659 கம்பங்கள் என்று அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும்.

1602 மார்ச் 20ஆம் திகதி, ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டுக்கொண்டிருந்த கம்பனிகளைச் சேர்த்து ஐக்கிய கிழக்கிந்தியக் கம்பனி உருவாக்கப்பட்டது. அதன் சுருக்கப் பெயர் வி.ஓ.சி. (எங்களுக்கு வ.உ.சி. என்றால் 1906இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சுதேசிக் கப்பல் விட்டவர்தான் ஞாபகம் வருவார். இது அதற்கு நேரெதிரான சங்கதி.) ஆறு நகரங்களில் ஆறு அறைகள்: ஆம்ஸ்டர்டாம், மிடில்பேர்க், டெல்ஃப்ட், ரொட்டர்டாம், ஹோர்ன், என்க்ஹவுசன். பதினேழு பணிப்பாளர்கள். ஆம்ஸ்டர்டாமுக்கு எட்டு, சீலாந்துக்கு நாலு, மற்ற நாலு நகரங்களுக்கும் ஒவ்வொன்று. பதினேழாவது ஆள் ஆம்ஸ்டர்டாமுக்கு வெளியே இருந்து சுழற்சியில் வருவார், ஆம்ஸ்டர்டாம் தனியப் பெரும்பான்மை எடுக்கக்கூடாது என்பதற்காக. எங்கட தீவுகளுக்கு வைத்த பெயர்களை இப்ப திரும்பப் பாருங்கோ. ஆம்ஸ்டர்டாம், மிடில்பேர்க், ரொட்டர்டாம், டெல்ஃப்ட். வீட்டு நினைவில் வைத்த பெயர்கள் மட்டும் இல்லை, பங்குக்காரர்களின் பெயர்களும்தான்.

மொத்த மூலதனம் 64 இலட்சம் கில்டர் அளவில். அதில் பாதிக்கு மேல் ஆம்ஸ்டர்டாமில் சேர்ந்தது. பங்குப் பதிவேடு திறந்திருந்தது டிர்க் ஃபன் ஓஸ் என்ற பணிப்பாளரின் வீட்டில். அவரும் அன்ட்வெர்ப்பில் பிறந்தவர். கடைசி நாளில் அந்த வீட்டுப் பணிப்பெண் நீல்ட்கன் கொர்னெலிஸும் நூறு கில்டர் போட்டார். பெரிய வணிகரில் இருந்து வீட்டு வேலைக்காரி வரை சேர்ந்து காசு போட்ட முதல் பெரிய கம்பனி என்று இதைப் பாராட்டிச் சொல்வார்கள். உண்மைதான். அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. கடலுக்கு அங்கால் நடந்ததில் ஊர் முழுவதற்கும் ஒரு பங்கு இருந்தது.

அங்கால் என்ன நடந்தது? ஒல்லாந்தர் 1658இல் நாகப்பட்டினத்தையும் பிடித்தார்கள். அடுத்த வருடம் பீஜப்பூர்ப் படைகள் தஞ்சாவூரை நாசமாக்கின, பஞ்சம் வந்தது. பசியில் சனம் தன்னையும் பிள்ளைகளையும் விற்றது. 1659க்கும் 1661க்கும் இடையில் கம்பனி அந்தக் கரையில் 8,000 முதல் 10,000 பேரை அடிமைகளாக வாங்கியது. பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. தமிழ் பேசுகிற கரையிலிருந்து தமிழ் பேசுகிற கரைக்கு வந்த ஆட்களும் அதில் இருந்திருப்பார்கள். அவர்களுடைய பெயர்களில் எந்தத் தீவுக்கும் பெயர் வைக்கவில்லை.

கறுவாவுக்கும் அதே கதைதான். தனியுரிமை கம்பனியிடம். விலை இறங்கினால் மிஞ்சின வாசனைத் திரவியத்தை ஆம்ஸ்டர்டாமிலேயே எரித்தார்கள். இவ்வளவு இருந்தும் கம்பனி கடைசியில் கடனிலும் ஊழலிலும் மூழ்கியது. 1799 முடிவில் கலைக்கப்பட்டது. 'ஊழலால் அழிந்தது' என்று பொருள்வரும்படி அதன் மூன்றெழுத்துக்கு ஒல்லாந்தரே ஒரு விரிவு கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஹோர்னில் விழுந்த சிலை

கடைசி இரண்டு துறைகள் ஹோர்னும் என்க்ஹவுசனும். 1932இல் பெரிய அணை கட்டி மூடின பிறகு அவற்றின் கடல் நன்னீர் ஏரியாகிவிட்டது. என்க்ஹவுசனில் வளர்ந்த லின்ஸ்கோட்டன் கோவாப் பேராயரின் செயலாளராக வேலை செய்து, போர்த்துக்கேயரின் கடல்வழிகளை அறிந்து வந்து 1596இல் புத்தகமாகப் போட்டார். ஒரு கந்தோர் உத்தியோகத்தர் கொண்டுவந்த தகவல்தான் ஒல்லாந்தருக்கு வழிகாட்டியது. உலகத்தில் எஞ்சியிருக்கிற மிகப் பழைய பங்குப் பத்திரமும் இந்த ஊர் அறையுடையதுதான். 1606ஆம் ஆண்டினது, 2010இல் ஹோர்ன் சுவடிக்கூடத்தில் அகப்பட்டது.

ஹோர்ன் சதுக்கத்தில் யான் பீட்டர்சோன் கூன் சிலை 1893 முதல் நிற்கிறது. ஊரின் மகன். 1621இல் சாதிக்காய்த் தனியுரிமைக்காக பண்டா தீவுகளை அழித்தவரும் அவர்தான். ஏறக்குறைய 15,000 பேரில் ஆயிரம் சொச்சம் பேர்தான் அங்கே மிஞ்சினார்கள் என்று கணிக்கிறார்கள். 2011இல் ஒரு பாரந்தூக்கி இடித்துச் சிலை தற்செயலாக விழுந்தது. திரும்ப வைப்பதா வேண்டாமா என்று ஊர் இரண்டுபட்டது. கடைசியில் வைத்தார்கள், ஆனால் பண்டாவில் நடந்ததைச் சொல்லுகிற புதுப் பலகையோடு. அந்த விவாதம் இன்னும் அடங்கவில்லை. 2019இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகம் 17ஆம் நூற்றாண்டைப் 'பொற்காலம்' என்று சொல்வதை நிறுத்தியது. 2023 யூலையில் மன்னர் அடிமை முறைக்காக மன்னிப்புக் கேட்டார். அதே வருடக் கடைசியில், 1765இல் கண்டி அரண்மனையில் கொள்ளையடித்த லெவ்கே திசாவையின் பீரங்கி உட்பட ஆறு பொருட்கள் கொழும்புக்குத் திரும்பின.

மிஞ்சின காகிதங்கள்

பீரங்கியைக் கப்பலில் திருப்பி அனுப்பலாம். எழுதப்பட்ட வரலாற்றை அப்படி அனுப்ப முடியாது. கம்பனியின் காகிதங்கள் ஹேக் நகரத் தேசிய சுவடிக்கூடத்தில் ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளமான தட்டுகளில் இருக்கின்றன. கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் ஆயிரக்கணக்கான தொகுதிகள் உண்டு. 2003இல் இவை எல்லாம் சேர்ந்தே யுனெஸ்கோ பதிவேட்டில் ஏறின. யாழ்ப்பாணத்துக் காணி, யானை ஏற்றுமதி, வரி, வழக்கு, தண்டனை எல்லாம் அந்த எழுத்தில் கிடக்கின்றன. ஒல்லாந்தர் கோட்டைக்குள் கட்டின தேவாலயம் 1990இல் போரில் தரைமட்டமாயிற்று, ஆனால் அதைப் பற்றின கடிதங்கள் இருக்கின்றன. டெல்ஃப்ட்டில் பிறந்து யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த பாதிரி பால்டேயஸ், தமிழ் எழுத்துகளையும் எங்கட ஊர்களையும் பற்றி 1672இல் அச்சிட்ட புத்தகமும் இருக்கிறது.

இவ்வளவு காலமும் இவற்றைப் படிக்க ஒல்லாந்து மொழியும் பழைய கையெழுத்தும் தெரிந்த ஒரு சிலரால்தான் முடிந்தது. இப்ப நிலைமை மாறுகிறது. குளோபலைஸ் என்ற ஆய்வுத் திட்டம் ஆசியாவிலிருந்து போன கம்பனிக் கடிதங்களில் ஏறக்குறைய 50 இலட்சம் பக்கங்களைக் கணினியால் வாசிக்க வைத்து, இணையத்தில் சொல் போட்டுத் தேடும்படி இலவசமாகத் திறந்திருக்கிறது. வீசா தேவையில்லை. மொழிபெயர்ப்புக் கருவியின் உதவியோடு கைத்தொலைபேசியிலேயே ஒரு பக்கத்தை அரைகுறையாகவாவது விளங்கிக்கொள்ளலாம். வரலாறு படிக்கிற, கணினி தெரிந்த, அல்லது சும்மா ஆர்வம் உள்ள நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரு ஊரின் கதையைத் தோண்டி எடுக்கலாம். பன்னிரண்டு முதலிமாரைக் கேட்டு எழுதின கதைக்குப் பக்கத்தில், வரி கட்டாமல் ஓடினவன், வழக்குப் போட்ட விதவை, நாகப்பட்டினத்தில் விற்கப்பட்ட பிள்ளை என்று வேறு ஆட்களின் தடயங்களையும் தேடிப் பார்க்கலாம்.

தேடப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் யாழ்ப்பாணத்தைப் போட்டால் பெரிதாக ஒன்றும் வராது. அவர்கள் எழுதினது 'யாஃபனபட்னம்'. ஒவ்வொரு எழுதுவினைஞனும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பான், அதனால் நாலைந்து விதமாகப் போட்டுப் பாருங்கோ. உங்கட ஊர்ப் பெயரை ஒல்லாந்தன் எப்படி உச்சரித்திருப்பான் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தட்டச்சுச் செய்யுங்கோ.